பிரிவுக்கு ஐந்து

குடியாத்தம் தாலுகா ஆபீஸ் மாடி, மத்தியானம் மூன்று மணி.
உதவித்தொகை வாங்குவோர் பட்டியல் என் திரையில்:
ஒன்பதாயிரத்து இருநூற்றுப் பதினாலு வரிகள்.
"பிரிவுக்கு அஞ்சு பேரு. கண்ண மூடிக்கினு எடும்மா,
நாளைக்கு எவனும் சிபாரிசுன்னு சொல்லக்கூடாது"
என்றார் எத்திராஜுலு சார்,
கிளாஸ் அடியில் தங்கிய சர்க்கரையை
விரலால் வழித்தபடி.

இயந்திரத்துக்கு மூடக் கண் இல்லை.
ஒவ்வொரு வரியின் நெற்றியிலும்
ஏதோ ஒரு தசம எண்ணை ஒட்டச் சொன்னேன்.
பிரிவு பிரிவாக நிற்கவைத்து
அந்த எண்ணின்படி அடுக்கி
முதல் ஐந்தை வைத்துக்கொண்டு
மீதியை விட்டுவிடச் சொன்னேன்.
ஒரு கொட்டாவி நேரம்கூட ஆகவில்லை.

முதியோரில் ஐந்து, விதவைகளில் ஐந்து,
மாற்றுத் திறனாளிகளில், கைவிடப்பட்ட மனைவியரில்.
திரும்ப ஓட்டினால் வேறு ஐந்து.
வேடிக்கையாக ஆறு தடவை ஓட்டினேன்;
மேல்பட்டிக்காரர் போய்ப் பரதராமிக்காரர் வந்தார்,
அவரும் போனார்.

ஐம்பது கடந்தும் மணமாகாதோர் பிரிவில் மட்டும்
ஆறு தடவையும் மூன்று பேர்.
அதே மூன்று.
வரிசை மாறியது, அவ்வளவுதான்.
தாலுகா முழுக்கவே அவர்கள் மூன்று பேர்தான்.

சரிபார்க்க நானும் போனேன், சாரின் வண்டிப் பின்சீட்டில்.
கவுண்டன்யா ஆறு மணலும் முள்ளுமாகக் கிடந்தது.
தேசம்மாள், அறுபத்தொன்று,
மடியில் முறம், முறத்தில் பீடி இலை.
நூல் சுற்றும் விரல் நிற்கவில்லை.
"மறுபடியும் நானா?
போன வருசம் வந்தீங்க, அதுக்கு மொத வருசமும் வந்தீங்க.
இன்னா குலுக்கல் இது, ஒரே சீட்டு வுழுது?"

குலுக்கல்தான் அம்மா, நேர்மையான குலுக்கல் என்றேன்.
பிரிவுக்கு ஐந்து கேட்கிறோம்,
உங்கள் பிரிவில் மூன்று பேர்தான் என்றேன்.
சொல்லச் சொல்ல எனக்கே
மிச்சச் சில்லறை தராத கண்டக்டர் குரல் வந்தது.

அவள் சிரிக்கவில்லை.
"எங்க மண்டியில செக்கர் ஒருத்தன் கீறான்.
நாப்பது கட்டு குடுத்தா ஒண்ண உருவுவான்.
அதுல சொத்த இருந்தா நாப்பதுக்கும் கழிப்பான்.
காய்ச்சல்ல ஒரு நாள் ஒரே கட்டுதான் சுத்துனேன்.
அன்னிக்கு எத உருவுவான்?"
நூலைப் பல்லால் கடித்தாள்.
"சரி வுடு. பேர இன்னிக்காவது மாத்துவியா?"

பட்டியலைப் பார்த்தேன்.
தோசம்மாள் என்றிருந்தது.
எவனோ ஒரு துணைக்காலைச் சேர்த்துவிட்டிருக்கிறான்.
மூன்று வருடமாக மூன்று அதிகாரிகள்
வீடு தேடி வந்து, ஆளைப் பார்த்து,
ஆள் சரி, பெயர் பிழை என்று எழுதி
கையெழுத்துப் போட்டுப் போயிருக்கிறார்கள்.
"தோசமாம். இருக்கற தோசம் போதாதா எனக்கு."

இரவு அறையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
பிரிவின் அளவுக்குத் தக்கபடி இருபத்தைந்து பேர் எடுத்தால்
முதியோர் பங்கு பாதிக்கு மேல்.
அவள் பிரிவுக்கு
பூஜ்யம், புள்ளி, பூஜ்யம், பூஜ்யம், எட்டு.
ஒரு நகக்கண்கூடத் தேறாது.
அப்படி எடுத்தால் அவள் வாசலுக்கு
எவரும் வரப்போவதில்லை.
இப்படி எடுத்தால் வருடா வருடம்.
இடையில் ஏதாவது இருக்கும்,
புத்தகத்தில் பெயர்கூட இருக்கும்.
கொசு கடித்தது, தேடாமல் மடிக்கணினியை மூடினேன்.

இந்த வருடமும் ஓட்டினேன்.
முதியோரில் ஐந்து புதுப் பெயர்கள்.
அவள் பிரிவில் இரண்டு.
செருவங்கிக்காரப் பெண்மணியின் வரி
தை மாதத்தோடு நீக்கப்பட்டிருந்தது.
தேசம்மாள் இருக்கிறாள்.
கர்சரைக் கொண்டுபோய் அந்தத் துணைக்காலின் பக்கத்தில் வைத்து
அழிக்கும் விசையை அழுத்தினேன்.

அனுமதி இல்லை என்றது திரை.
எனக்குத் தந்திருப்பது
படிக்கும் உரிமை.